பொதியும் பொறுப்பும்

திண்டுக்கல்லிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் வடமதுரையைக் கடந்து சென்றால் அய்யலூர் என்னும் பேரூர் வரும். வியாழக்கிழமைதோறும் இங்குக் கூடும் ஆட்டுச் சந்தை பெயர்பெற்றது. தக்காளிச் சந்தையும் அத்தகையதே. சுற்றுப்புறச் சிற்றூர்களில் விளைந்த தக்காளி இச்சந்தைக்கு வந்து சேர்கின்றது. பழுத்தது வேறு, செங்காய் வேறு, அடிபட்டது வேறு எனப் பிரிக்கப்படுகின்றது. பின்னர்ப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு வெளியூர்களுக்குச் செல்கின்றது. விளைவித்தவர் ஒருவர், உண்பவர் மற்றொருவர். இருவரும் ஒருவரையொருவர் கண்டறியார். ஆயினும் வாங்குபவர் ஐயமின்றி வாங்குகின்றார். இடையில் நின்று பிரித்து, அடுக்கி, அனுப்பியவரின் பொறுப்பே அந்நம்பிக்கைக்கு அடிப்படையாகும்.

கையால் தொட முடியாத பொருள்களுக்கும் இத்தகைய இடைநிலைப் பணி வேண்டியிருக்கின்றது. கணினியில் இயங்கும் நிரல்கள் அத்தகைய பொருள்கள். அவற்றை எழுதுவோர் உலகெங்கும் பரவியுள்ளனர், பயன்படுத்துவோரும் அவ்வாறே. இவ்விரு சாராருக்கும் இடையே நின்று நிரல்களைப் பிரித்துப் பெயரிட்டு ஒழுங்குபடுத்துவோர் பலர் உளர். அவர்தம் பணி எத்தகையது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

அய்யலூர் மாணவி ஒருத்தி பைத்தான் என்னும் நிரல்மொழியைக் கற்கின்றாள் என வைத்துக்கொள்வோம். தன் ஊர்ப் பெயரில் எத்தனை எழுத்துகள் உள்ளன என்று எண்ணிச் சொல்லும்படி அவள் கணினியைப் பணிக்கின்றாள். அ, ய், ய, லூ, ர் என ஐந்து எழுத்துகள் இருப்பதை நாம் அறிவோம். கணினியோ எட்டு என்று விடை தருகின்றது. மாணவி திகைக்கின்றாள். கணினிக்கு எண்ணத் தெரியாதா?

கணினி எண்ணியதில் பிழையில்லை. அது எண்ணிய பொருள்தான் வேறு. உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவாக அமைந்த யூனிகோடு என்னும் குறியேற்ற முறையில் உயிரெழுத்தாகிய அகரத்திற்கு ஒரு குறியீடு உண்டு. யகரத்திற்கும் ஒன்று உண்டு. ஆனால் ய் என்னும் மெய்யை எழுத யகரத்திற்கு ஒன்றும் புள்ளிக்கு ஒன்றுமாக இரு குறியீடுகள் வேண்டும். லூ என்பதற்கும் ர் என்பதற்கும் அவ்வாறே இரண்டிரண்டு வேண்டும். ஆகவே ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு எனக் கூட்டினால் எட்டாகின்றது. நாம் எழுத்துகளை எண்ணினோம். கணினி குறியீடுகளை எண்ணியது.

இவ்வேறுபாட்டை நீக்கும் வழியை ஒவ்வொரு மாணவரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டுவதில்லை. தமிழ் எழுத்துகளைத் தமிழ் முறைப்படி பிரித்து எண்ணும் நிரல்களை முன்னரே சிலர் எழுதி வைத்துள்ளனர். இவ்வாறு பிறர் எடுத்தாளும்படி எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பை நிரலகம் என்பர். 'ஓப்பன்-தமிழ்' என்பது பைத்தான் மொழிக்கென அமைந்த அத்தகைய நிரலகங்களுள் ஒன்று. ஒருவர் வெட்டிய கிணற்றில் ஊரார் நீர் மொள்வது போல, ஒருவர் எழுதிய நிரலகத்தை உலகோர் பயன்படுத்துகின்றனர். அதனைப் பெற்று அழைத்தால் கணினி ஐந்து என்று சொல்லும்.

நிரலகத்தை எங்கிருந்து பெறுவது? இதற்கு இரண்டு வழிகள் உண்டு. நிரல்மொழிகள் பல தமக்கெனப் பொதுக் கிடங்கு ஒன்றை வைத்திருக்கின்றன. பெர்ல் மொழிக்கு 1995 இல் 'சிபான்' என்னும் கிடங்கு தோன்றியது. பைத்தான் மொழிக்கு 2003 இல் 'பைபிஐ' தோன்றியது. ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு 2010 இல் 'என்பிஎம்' தோன்றியது. நிரலகத்தை எழுதியவர் தாமே அதனைக் கிடங்கில் இடுவார், வேண்டுவோர் எடுத்துக்கொள்வர். இது விளைநிலத்திற்கே சென்று காய்கறி வாங்குவதை ஒக்கும். மற்றொரு வழி லினக்ஸ் வழங்கலின் களஞ்சியத்திலிருந்து பெறுவது. அது தரம் பிரித்த சந்தையில் வாங்குவதை ஒக்கும்.

லினக்ஸ் வழங்கல் என்பது யாது? பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 1991 இல் லினக்ஸ் என்னும் கருநிரலை வெளியிட்டார். கருநிரல் ஒன்றைக் கொண்டு மட்டும் கணினியில் கடிதம் எழுதவோ படம் பார்க்கவோ இயலாது. அதனுடன் ஆயிரக்கணக்கான பிற நிரல்களும் சேரவேண்டும். அவற்றையெல்லாம் திரட்டி, ஒன்றோடொன்று பொருந்துமாறு அமைத்து, ஒரே தொகுப்பாக வழங்குவதனால் அதற்கு வழங்கல் என்னும் பெயர் அமைந்தது. 1993 ஆகஸ்டு 16 ஆம் நாள் இயான் மர்டாக் என்னும் அமெரிக்க இளைஞர் தொடங்கிய டெபியன் என்னும் வழங்கல் இவற்றுள் பழமையும் பெருமையும் உடையது. அது ஒரு வணிக நிறுவனத்தின் உடைமையன்று. பல நாட்டுத் தன்னார்வலர்கள் கூடி நடத்துவது. 2023 இல் வெளிவந்த அதன் பன்னிரண்டாம் பதிப்பில் 60,000 க்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன.

டெபியன் தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. சி-டாக் என்னும் மைய அரசு நிறுவனத்தின் சென்னைப் பிரிவு, டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்னும் லினக்ஸ் வழங்கலை 2007 இல் வெளியிட்டது. 2011 இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ் மாணவர்கள் பெற்ற கணினிகள் பலவற்றில் இவ்வழங்கலும் இடம்பெற்றிருந்தது. ஆகவே நம் சிற்றூர்களின் மாணவர்கள் பலர், தாம் அறியாமலே, டெபியன் தன்னார்வலர்கள் கட்டிய பொதிகளைக் கையாண்டவர்கள் ஆவர்.

இனிப் பொதியின் இயல்பைக் காண்போம். முற்காலத்தில் வணிகர் மாட்டின் முதுகில் ஏற்றிச் சென்ற சுமையைப் பொதி என்றனர். கணினிப் பொதியும் ஒரு கட்டே. அதனுள் நிரல் இருக்கும்; நிரலைப் பற்றிய குறிப்பேடும் இருக்கும். பொதியின் பெயர், பதிப்பு எண், அது செய்யும் பணி, அதற்குத் துணையாக வேண்டிய பிற பொதிகள், அதனைப் பேணும் பொறுப்பாளரின் பெயர் ஆகியவை அக்குறிப்பேட்டில் எழுதப்பட்டிருக்கும். நிரலை எழுதியவர் யார், எந்த உரிமத்தின்படி பிறர் அதனைப் பயன்படுத்தலாம் என்பவையும் உடன் வைக்கப்படும்.

இவற்றுள் துணைப் பொதிகளின் பட்டியல் மிகவும் இன்றியமையாதது. ஒரு நிரலகம் மற்றொன்றைச் சார்ந்திருக்கும். அது பிறிதொன்றைச் சார்ந்திருக்கும். இதனைச் சார்பு என்பர். தோசை வேண்டுவோர்க்கு மாவு வேண்டும். மாவுக்கு அரிசியும் உளுந்தும் வேண்டும். அரைக்க ஆட்டுக்கல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் தோசை இல்லை. அவ்வாறே சார்புகளுள் ஒன்று விடுபட்டாலும் நிரல் இயங்காது. பட்டியல் செவ்வையாக எழுதப்பட்டிருந்தால், பயன்படுத்துவோர் ஒரு பொதியைக் கேட்ட அளவிலேயே அதற்கு வேண்டிய அனைத்தையும் கணினி தானே தேடிக் கொணர்ந்து முறைப்படி அமைத்துவிடும்.

நிரல்மொழிகள் பல. ஒவ்வொன்றுக்கும் நிரலகங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. இவற்றை ஒரே களஞ்சியத்தில் குழப்பமின்றி அடுக்குவது எப்படி? முதற்கண் பெயரிடுவதில் ஒழுங்கு வேண்டும். டெபியனில் பைத்தான் நிரலகப் பொதியின் பெயர் 'பைத்தான்3' என்று தொடங்கும். ரூபி மொழிக்குரியது 'ரூபி' என்று தொடங்கும். பெர்ல் மொழிக்குரியது 'லிப்' என்று தொடங்கிப் 'பெர்ல்' என்று முடியும். பெயரைக் கண்ட அளவில் இஃது எம்மொழிக்குரியது என்று தெரிந்துவிடும். ஒரே பணியைச் செய்யும் நிரலகங்கள் பல மொழிகளில் ஒரே பெயருடன் இருந்தாலும் அவை ஒன்றோடொன்று மோதா. பெயரிடுதல் எளிய செயல் போலத் தோன்றும். அறுபதினாயிரம் பொதிகளுக்கு நடுவே ஒன்றைத் தேடும்போதுதான் அதன் அருமை புலப்படும்.

இரண்டாவதாக, மொழிதோறும் தனிக் குழுக்கள் உள்ளன. பைத்தானுக்கு ஒரு குழு, பெர்லுக்கு ஒரு குழு, ரூபிக்கு ஒரு குழு எனப் பணி பகிர்ந்துகொள்ளப்படுகின்றது. பெர்ல் குழு ஒன்றே 3,000 க்கும் மேற்பட்ட பொதிகளைப் பேணுகின்றது. தனியொருவர் நோயுற்றாலும் பணியிலிருந்து விலகினாலும் பொதிகள் ஆதரவற்றுப் போகாமல் குழு அவற்றைக் காக்கின்றது. அம்மொழியின் இயல்பை நன்கறிந்தோர் ஒருங்கு கூடியிருத்தலால், ஒருவர் கண்ட தீர்வு ஏனைய பொதிகளுக்கும் பயன்படுகின்றது.

மூன்றாவதாக, பொதிகள் படிப்படியாக முன்னேறுகின்றன. புதிய பொதியொன்று களஞ்சியத்தில் நுழையுமுன் அதன் உரிமத்தையும் அமைப்பையும் அதற்கென அமைந்த குழுவினர் ஆராய்கின்றனர். பின்னர் அது 'நிலையற்றது' என்னும் முதற் பகுதியில் இருக்கும். சில நாள்வரை பெரும் பிழை காணப்படாவிடின் 'சோதனை' என்னும் பகுதிக்குச் செல்லும். ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை சோதனைப் பகுதி செப்பனிடப்பட்டு 'நிலைத்தது' என்னும் பெயருடன் உலகிற்கு வழங்கப்படும். மருத்துவமனைகளும் அலுவலகங்களும் பள்ளிகளும் நம்பிப் பயன்படுத்துவது இதனையே.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று சிலர் வினவலாம். நடந்த நிகழ்ச்சிகளே அதற்கு விடையளிக்கும். என்பிஎம் கிடங்கில் 'லெஃப்ட்-பேட்' என்னும் சிறு பொதி இருந்தது. ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் வேண்டிய அளவு இடைவெளியை நிரப்புவதே அதன் பணி. அதில் இருந்தவை பதினொரு வரிகளே. பெயர் பற்றி எழுந்த பூசலால் மனம் வருந்திய அதன் ஆசிரியர், 2016 மார்ச் 22 ஆம் நாள் தம் பொதிகளையெல்லாம் கிடங்கிலிருந்து நீக்கிவிட்டார். அச்சிறு பொதியைச் சார்ந்திருந்த எண்ணற்ற பெருநிரல்களைக் கட்டும் பணி உலகெங்கும் தடைப்பட்டது. சில மணி நேரத்திற்குள் பொதி மீட்கப்பட்டது. ஆயினும் அச்சாணி சிறிதாயினும் அஃதின்றித் தேர் ஓடாது என்பதை அன்று யாவரும் உணர்ந்தனர். டெபியன் போன்ற வழங்கல்களோ ஒவ்வொரு பொதியின் மூலநிரலையும் தம் களஞ்சியத்திலேயே வைத்திருக்கின்றன. எழுதியவர் தம் கிடங்கை மூடினாலும் களஞ்சியம் மூடுவதில்லை.

மற்றொரு நிகழ்ச்சி இன்னும் அச்சந் தருவது. 'எக்ஸ்-இசட்' என்பது கோப்புகளைச் சுருக்கும் கருவி. அதனைப் பேணுவார்க்கு உதவுபவர் போல வந்த ஒருவர், ஈராண்டுக்கு மேலாக நற்பணி செய்து நம்பிக்கை பெற்றார். பின்னர் 2024 இல் பிறர் கணினிக்குள் மறைவாக நுழைவதற்குரிய கள்ளவழி ஒன்றை அதனுள் புகுத்தினார். அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர், தம் கணினியில் தொலைவிலிருந்து புகும்போது ஏறத்தாழ அரை நொடி தாமதம் நேர்வதைக் கண்டார். அரை நொடிதானே என்று அவர் விட்டுவிடவில்லை. காரணத்தைத் துருவித் தேடினார். கள்ளத்தைக் கண்டு உலகிற்கு அறிவித்தார். அப்போது அப்பொதி டெபியனின் நிலையற்ற பகுதியிலும் சோதனைப் பகுதியிலும் நுழைந்திருந்தது. நிலைத்த பகுதியை எட்டவில்லை. படிப்படியாக முன்னேறும் முறை அந்த இடைவெளியைத் தந்தது. விழிப்புள்ள ஒருவரின் உழைப்பு அதனைப் பயன்படுத்திக்கொண்டது. முறை மட்டும் காப்பதில்லை. மனிதரின் கண்ணும் வேண்டும்.

ஆயினும் களஞ்சியத்தார்க்கும் இடர்ப்பாடுகள் உண்டு. களஞ்சியத்தில் ஒரு நிரலகத்திற்கு இயன்றவரை ஒரு பதிப்பே இருக்கவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. பிழையொன்று காணப்பட்டால் அதனை ஓரிடத்தில் திருத்தினால் போதும், அனைவரும் பயன்பெறுவர். ஆனால் ஒரு நிரல் பழைய பதிப்பை வேண்டும். மற்றொரு நிரல் புதிய பதிப்பை வேண்டும். இரண்டையும் இசைவிப்பது எளிதன்று. 2008 இல் பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. இரண்டாம் பதிப்புக்கு எழுதிய நிரல்கள் பல அதில் இயங்கவில்லை. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 சனவரி 1 ஆம் நாளோடு முடிவுற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான பொதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றவும், மாற்ற இயலாதவற்றை நீக்கவும் தன்னார்வலர்கள் உழைத்தனர். அவ்வுழைப்பைப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் அறியார்.

"களஞ்சியத்தில் உள்ளவை பழையவை, எங்கள் கிடங்கில் இன்று எழுதியதை இன்றே பெறலாம்" என்று நிரல்மொழியைச் சார்ந்தோர் கூறுவர். "புதியது அனைத்தும் நல்லதன்று, ஆராயாமல் கொள்வது ஆபத்து" என்று வழங்கலைச் சார்ந்தோர் கூறுவர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. புதிதாக ஒன்றை ஆக்குவோர்க்குப் புதிய கருவி வேண்டும். நாள்தோறும் பிழையின்றி இயங்கவேண்டிய கணினிக்கு உறுதி வேண்டும். இவ்விரண்டையும் ஒரே இடத்தில் கலப்பதால்தான் கேடு விளைகின்றது. கணினியின் சொந்தக் கருவிகள் சிலவும் பைத்தானில் எழுதப்பட்டவை. வெளிக் கிடங்கிலிருந்து கொணர்ந்த நிரலகம் அவற்றின் நிரலகத்தை மறைத்துவிட்டால் கணினியே தடுமாறும். ஆகவே டெபியனின் பன்னிரண்டாம் பதிப்பு முதல், வெளிக் கிடங்கின் பைத்தான் பொதிகளைக் கணினியின் பொது இடத்தில் நேரே இட முயன்றால் அம்முயற்சி தடுக்கப்படுகின்றது. அவற்றுக்கெனத் தனிச்சூழல் ஒன்றை அமைத்து அதனுள் வைத்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகின்றது. விருந்தினர்க்குத் தனியறை தந்து வீட்டின் ஒழுங்கையும் காப்பது போன்ற ஏற்பாடு இது.

சிற்றூர் மாணவர்க்குக் களஞ்சியத்தால் மற்றொரு பெரும்பயன் உண்டு. பொதியைக் கட்டும் வேளையில் வெளி வலைத்தொடர்பை நாடலாகாது என்பது டெபியன் விதி. வேண்டியவை அனைத்தும் களஞ்சியத்திற்குள்ளேயே இருத்தல் வேண்டும். இதன் விளைவு யாது? களஞ்சியத்தை வட்டுகளிலோ சிறு நினைவகத்திலோ படியெடுத்து, வலைத்தொடர்பு இல்லாத பள்ளிக்கும் கொண்டு செல்லலாம். அங்குள்ள கணினிகளில் நிரல்மொழியையும் அதன் நிரலகங்களையும் குறைவின்றி நிறுவலாம். மூலநிரலைத் திறந்து படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் தரலாம். நகரத்து மாணவர் பெறும் கருவியையே மலையடிவாரத்து மாணவரும் பெறுகின்றார். ஒழுங்குபடுத்துதல் வெறும் அலுவலகப் பணியன்று. கல்வியைச் சமமாகப் பகிரும் வழியும் ஆகும் என்பது இதனால் விளங்கும்.

இப்பணியில் இந்தியரும் பங்குகொண்டுள்ளனர். நிரல் எழுதுவோர் கூடிப் பணியாற்ற உதவும் கிட்லேப் என்னும் பெருநிரல் ரூபி, ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மொழிகளின் நூற்றுக்கணக்கான நிரலகங்களைச் சார்ந்தது. அதனை டெபியனில் சேர்க்க வேண்டுமாயின் அந்நிரலகங்களையெல்லாம் முதலில் தனித்தனிப் பொதிகளாகக் கட்டவேண்டும். இந்தியத் தன்னார்வலர்கள் முன்னின்று, கல்லூரி மாணவர்களுக்கும் பொதி கட்டும் முறையைக் கற்பித்து, இப்பெரும்பணியை மேற்கொண்டனர். கிட்லேப் 2016 இல் டெபியன் களஞ்சியத்தை அடைந்தது. டெபியன் அமைப்பினர் ஆண்டுதோறும் நடத்தும் உலக மாநாடு 2023 செப்டம்பர் 10 முதல் 17 வரை நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் கொச்சி நகரில் நடைபெற்றது. இந்தியாவில் இம்மாநாடு நடைபெற்றது அதுவே முதன்முறை.

பொதியாளராவதற்கு உயர்ந்த பட்டமோ பெரும்பொருளோ வேண்டுவதில்லை. பொறுமை வேண்டும், குறிப்பேட்டைப் பிழையின்றி எழுதும் பழக்கம் வேண்டும், பிறர் சுட்டிய தவற்றை ஏற்றுத் திருத்தும் பண்பு வேண்டும். நம் அய்யலூர் மாணவி ஒருநாள் தமிழ் நிரலகம் ஒன்றைப் பொதியாக்க முற்படலாம். அவள் முதலில் அதன் உரிமத்தைப் படிப்பாள், அதன் சார்புகளைத் தேடி எழுதுவாள், முறைப்படி பெயரிடுவாள், தமிழ்ச் சொற்களைக் கொடுத்து அது செவ்வனே இயங்குகின்றதா என்று சோதிப்பாள். 'அய்யலூர்' என்னும் சொல்லையே அவள் முதற் சோதனையாக வைத்தாலும் வியப்பில்லை. ஐந்து என்னும் விடை வந்தபின் அதனைக் குழுவினரின் பார்வைக்கு அனுப்புவாள்.

குறிப்பேட்டில் பொறுப்பாளர் என்னும் இடத்தை வெறுமையாக விடலாகாது. அங்கு ஒரு பெயர் இருந்தே ஆகவேண்டும். பொதி பழுதுற்றால் யாரை அணுகுவது என்பதை அப்பெயர் தெரிவிக்கும். ஊதியமோ புகழோ கருதாமல், "இதற்கு நான் பொறுப்பு" என்று எழுதி வைப்போர் பலர் இருப்பதனாலேயே, எங்கோ ஓரூரில் ஒரு மாணவி ஐயமின்றிக் கணினியைத் திறந்து கற்கின்றாள். அவளும் ஒருநாள் அவ்விடத்தில் தன் பெயரை எழுதுவாளாக.